காலி வண்டி எடை

காவேரிப்பட்டணம் சாலையில்
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
ஏறும்போது ஓர் எண்,
இறக்கிவிட்டு வரும்போது இன்னோர் எண்,
நடுவில் உள்ளது பழம்.

டிமேட் கணக்கு தொடங்கிய அன்று
கைபேசி என்னைக் கண்சிமிட்டச் சொன்னது,
உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க.
வெள்ளைத்தாள் கையெழுத்து
வங்கிக் கையெழுத்துபோல் இல்லையென்று
இரண்டுமுறை திரும்பி வந்தது.
கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

போன ஆவணியில்,
எங்கள் கூழை வாங்கிப் பாட்டிலில் அடைக்கும் கம்பெனியில்
நாற்பது பங்கு கேட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு மேல்
ஒரு பைசா தரமாட்டேன் என்றேன்.
இருபத்தேழு வந்தது.
மிச்சம் பதின்மூன்று
மூன்றரை மணிவரை தொங்கிப் பார்த்துவிட்டுத்
தானாக உதிர்ந்தது.
சாயங்காலச் சீட்டில்
தரகு, வரி, முத்திரைத் தீர்வை:
மண்டியில் கழிவு பிடிப்பதுபோல்
பைசா பைசாவாகப் பிடித்திருந்தார்கள்.
பங்கு மறுநாள்தான் வந்தது,
வாசம் இல்லாமல்.

இந்த ஆனியில்
அந்தக் கம்பெனிக்குப் பீப்பாய் ஏற்றிப் போன லாரிகள்
நாளுக்கு நாலு.
போன ஆனியில் ஒன்பது.
நானே எடை போட்டேன், நானே எழுதினேன்.
"ஆர்டர் இல்லக்கா" என்றான் திம்மராஜ்,
டயரைத் தட்டிக்கொண்டே.

ரோட்டில் நின்று எண்ணுகிற
எவனுக்கும் தெரியும் சங்கதிதானே
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
இரண்டு மூன்று தடவை.

ஒன்பதே காலுக்கு விற்றேன்,
வந்த விலைக்கு.
ஓடிபி கேட்டது, கொடுத்தேன்.
டீ ஆறுவதற்குள் இருபத்தேழும் போயிற்று.

யாரோ வாங்கினார்கள்.
யாராவது வாங்காமல் நான் விற்க முடியாது,
அன்றுதான் அது உறைத்தது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில்
அப்பா மாடு விற்கும்போது
துண்டுக்கடியில் விரல் பிடிப்பார்கள்.
மாட்டுக்கு இடது கண் மங்கல் என்பதை
அப்பா சொல்லமாட்டார்.
ஆனால் அன்றைக்கு முழுக்க
வாங்கினவன் முகத்தைப் பார்க்கவும் மாட்டார்.
எனக்குப் பார்க்காமல் இருக்க
ஒரு முகம்கூட இல்லை.

ஒருவேளை எங்கோ
இன்னொரு எடைமேடையில் இருப்பவளோ?
அவளும் நாற்பது கேட்டு
இருபத்தேழு கிடைத்ததென்று
டீக்கடையில் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ?
நாலு ராத்திரி இப்படிப் போயிற்று.

அப்புறம் விலை ஏறியது.
இருநூற்று முப்பது. நாற்பத்தொன்று.
இந்த வருஷம் சித்தூர்ப் பக்கம் கூழ் எடுக்கிறார்களாம்,
மலிவாம்.
என் மேடையில் ஏறாத லாரிகள்
வேறு மேடையில் ஏறியிருக்கின்றன.

நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்த அந்த ஆள்
என் பங்குகளோடு சுகமாக இருக்கிறாள்.
நல்லது என்று ஒரு மூச்சு.
எழுநூற்றுச் சொச்சம் போச்சே என்று
அதே மூச்சில் இன்னொன்று.
எது முதலில் வந்தது என்று
சத்தியமாகத் தெரியவில்லை.

ஹாரன்.
திம்மராஜ் மேடையில் ஏற்றிவிட்டான்.
எண் ஆடுகிறது, ஆடுகிறது,
நிற்கக் காத்திருக்கிறேன்
காலி வண்டியை எழுத.