பொது உறுப்பினர்

விசாரணைக் குழுவில் மூன்று பேர்.
இருவர் வழக்கறிஞர்கள். மூன்றாவது நான்,
மெர்ரிட் முனையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சட்டம் படிக்காத ஒருவர் வேண்டும் என்று
சட்டமே சொல்கிறதாம்.

மெய்ன் மாநிலம், பாங்கர் நகரம்.
மார்ச் மாதத்துப் பனி ஜன்னலடியில் அழுக்கேறிக் கிடந்தது.
ஒரு படிவம் தந்தார்கள்:
பிரதிவாதியை உங்களுக்குத் தெரியுமா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
எங்கள் ஊரில் ஆயிரத்து நானூறு பேர்.
யார் வீட்டு நாய் எந்தக் காரைப் பார்த்துக் குரைக்கும்
என்பதுவரை எனக்குத் தெரியும்.
"முக்கியமான தொடர்பு இருந்தால் மட்டும்"
என்றார் தலைவர் ஹாஸ்கெல்.
எதுவரை முக்கியம் என்று கேட்க
நாக்கு நுனிவரை வந்து, திரும்பிப் போயிற்று.

லூசியன் பெல்க்கி, வயது அறுபத்தொன்று.
ஓடீல் திபதோவின் உயிலை எழுதியவர்.
கணவன் போன குளிர்காலத்தில்
அவள் சமையலறை மேசையில் மூன்று மணி நேரம்.
"கிணறு யார் எல்லையில் என்று எனக்கே சந்தேகம், லூசியன்,
பத்திரத்தில் இருபது அடி இடிக்கிறது"
என்று சொல்லிக்கொண்டே
இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டிருக்கிறாள்.
இரண்டு வருடம் கழித்து
பக்கத்து நிலத்துக்காரன் வெண்டல் கிராஸ்பிக்கு
வக்காலத்து போட்டவரும் அவரே.
பிராதின் நான்காம் பத்தியில்
அந்த இருபது அடி இருந்தது.
பீன்ஸ் இல்லை.

கட்சிக்காரர் என்கிறோம்.
ஒருவருக்கு ஒரு கட்சிதான் என்று நம்பித்தான்
அந்தச் சொல்லை யாரோ செய்திருக்க வேண்டும்.

கிணற்று வழக்கு தோற்றது.
அத்தோடு விட்டிருக்கலாம்.
கிராஸ்பியின் காசும் பெல்க்கியின் வீம்பும் சேர்ந்து
ஒன்பது வழக்குகளைக் குட்டி போட்டன.
அவள் சேவல் அவன் வேலியைப் பார்த்துக் கூவியதற்கு ஒன்று.
பைன் மரத்தின் நிழல் எல்லை தாண்டியதற்கு ஒன்று,
நஷ்டஈடு நாலாயிரம் டாலர்.
தள்ளுபடியான தாவாவையே
முதல் பக்கம் மட்டும் மாற்றி இன்னொன்று.
ஒவ்வொன்றுக்கும் நாற்பது மைல் போனாள் ஓடீல்.
போன இடத்தில் வாய்தா.
ஒருநாள் கார் கிளம்பாமல்
என் பேருந்தில் ஏறிவிட்டாள், நெடுஞ்சாலைவரை,
குழந்தைகளுக்கு நடுவே, மடியில் கோப்போடு.
அதையும் நான் படிவத்தில் எழுதவில்லை.

"இருவருக்கும் நல்லதுதான் நினைத்தேன்" என்றார் பெல்க்கி.
டையில் முட்டைக் கறை.
பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டியவர்தான்.
ஆனால் தொட்டிலை ஆட்டிய கை
நிஜமாகவே பதமாகத்தான் ஆட்டியிருக்கிறது,
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று நான் கேட்டது ஒரே கேள்வி.
"அந்த நிழலை நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? எத்தனை மணிக்கு?"
வெகுநேரம் யோசித்தார்.
போகவில்லை என்றார்.
சுருக்கெழுத்துப் பெண் பதிலைப் பதிந்துகொண்டாள்,
யோசித்ததைப் பதிய அவளிடம் விசை இல்லை.

ஒன்பது மாதத் தடை போதும் என்றார்கள் மற்ற இருவரும்.
பதினெட்டு என்று பிடித்த பிடியில் நின்றவள் நான்.
கடைசியில் பதினெட்டு.

வீட்டுக்கு வந்து
தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தேன்.
தொண்ணூற்றெட்டில் வங்கி என் வீட்டை எடுக்க வந்தபோது
பதினோரு மாதம் எனக்காக நின்ற மனிதர்.
பில் இருந்தது, மடிப்பில் கிழிந்து.
கட்டணம் என்ற இடத்தில் நீல மையில்
ஒரே சொல்: இல்லை.

நான் கட்டத்தில் குறித்ததும் அதேதான்.

பட்ட கடனை மறைக்கத்தான்
இரண்டு மடங்காகத் தண்டித்தேனா,
இல்லை, தண்டனை சரிதானா?
விடிந்தால் ஐந்தரைக்கு வண்டியைச் சூடேற்ற வேண்டும்.
யாரிடமாவது கேட்டுத் தெளியலாம் என்றால்
எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல்
இப்போது வக்கீல் இல்லை.