இளஞ்சிவப்புத் தாள்

நாலு தாள் கொடுத்தார்கள் அன்றைக்கு.
பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிகள் இருந்தன,
டிவியில் பார்க்கிற அதே சின்னங்கள்.
வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சி கிடையாது.
சட்டம் அப்படி.
ஊராட்சி குடும்பம் மாதிரி,
அதற்குள் கொடி எதற்கு என்று
எங்கோ யாரோ நல்ல மனதோடு நினைத்திருக்கிறார்கள்.

இளஞ்சிவப்பில் இரண்டாவது பெயர் என்னுடையது.
ம. தில்லைபுஷ்பம். கத்தரிக்கோல்.

முந்தலில், நண்டுக் கம்பெனியில்
சதை எடுக்கிற வேலை எனக்கு.
கிலோவுக்குக் கூலி.
ஓடு கிழித்த கோடுகள் விரலில் இனாம்.

கார்த்திகையில் ஊர் கூடிப் பேசியது.
தலைவர் பதவி பதினெட்டு லட்சம்,
கோயில் மதிலுக்கும் கலையரங்குக்கும்.
ஐந்து வள்ளமும் ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கும்
நம்புவேல் எடுத்துக்கொண்டார்.
போட்டி வேண்டாம், ஒற்றுமை முக்கியம் என்றார்கள்.
அங்கே கட்சி ஒன்றும் இல்லை.
ஒரு கொடி இல்லை, ஒரு கரைவேட்டி இல்லை.
முப்பத்திரண்டு ஆண்கள் இருந்தார்கள்.

மறுநாள் கடலாடி பஸ் ஏறி மனு கொடுத்தேன்.

சுவர் எழுதக் காசில்லை.
நண்டுக் கால் வெட்டுகிற கத்தரியையே
தெருத்தெருவாகத் தூக்கிக் காட்டினேன்.
பிள்ளைகள் சிரித்தன.
"நீ எந்தக் கட்சி?"
எதுவும் இல்லை, என்றேன்.
"அப்ப யாரோட ஆளு?"
கட்சி இல்லாமல் இருந்துவிடலாம் ஊரில்.
யாருடைய ஆளாகவும் இல்லாமல் இருப்பதுதான் பாடு.

உப்பளத்து செல்லக்கண்ணு மட்டும்
கையில் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்:
"கட்சின்னா சீட்டு வாங்கிச் சேந்துக்கலாம், புஷ்பம்.
சொந்தத்துல எப்பிடிச் சேர்றது?"

சாயல்குடியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார்.
வெளியே தெரியாமல் ஆதரவு தருகிறோம்,
ஏஜெண்ட், ஆட்டோ, டீச்செலவு எல்லாம் எங்களுடையது.
பச்சையிலும் மஞ்சளிலும் எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.
மாட்டேன் என்றேன், தலையை நிமிர்த்தி.

வாக்குப்பதிவன்று
நம்புவேலுக்காக அவர் மச்சான் பூத்தில் இருந்தான்.
முதல் பெயர் சேதுமாணிக்கம், சும்மா போட்ட டம்மி.
அவருக்காக மச்சானின் தம்பி இருந்தான்.
எனக்காக உட்கார ஆள் இல்லை.
என் பெருமை வந்து நாற்காலியில் உட்காரவில்லை.

நூற்று அறுபத்தொன்று எனக்கு.
ஒரு தாளில் மட்டும் முத்திரை
எனக்கும் நம்புவேலுக்கும் நடுக்கோட்டில் விழுந்திருந்தது.
அதிகாரி தூக்கிக் காட்டி, செல்லாது, என்றார்.
அதைக் குத்தியது யாரென்று தெரிந்தால்
ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவேன்.

தூக்கம் வராமல் யோசித்தேன்.
கரைவலைக்கு இரண்டு பக்கம் வடம் வேண்டும்.
எட்ட எட்ட நின்று இழுக்கிறார்கள்,
மடி கரையேறும்போது தோளோடு தோள்.
ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வலை கோணிப்போகும்.
அப்போது கட்சிகள் வேண்டும்தான் போல,
இரண்டாவது இருக்க வேண்டும்.
பிறகு உறைத்தது:
இந்தக் கதையில் மீன் யார்?
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தை மாதம் கம்பெனியில் எடையைக் குறைத்தார்கள்.
கிலோவுக்கு ஐம்பது கிராம் ஈரமாம்.
பதினொரு பேர் கையெழுத்துப் போட்டோம்,
பூமயில் மகன் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்.
மேலே ஒரு பேரு எழுதணுமே என்றாள் பூமயில்,
யாரு குடுக்குறான்னு கேப்பான்ல.
பெயர் எழுதினோம்.
பெயர் இருந்தால் செயலாளர் வேண்டும் என்றாள் ரஹ்மத்நிஷா.
பத்து ரூபாய் பிரித்ததும் பொருளாளர் வந்தாள்.
கூட்டத்துக்கு வராதவளை என்ன செய்வது,
அதற்கு ஒரு விதி.
நாலாம் நாளே இரண்டு பேர்
என்னைப் பிடிக்காமல்
ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் போய்ச் சோறு தின்றார்கள்.

கொடி மட்டும் வேண்டாம், என்றேன்.
வேணாம்னா வேணாம், என்றாள் பூமயில்.
துணி எடுத்து வச்சிருக்கேன்,
அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.