ஒரு சுழி அதிகம்

சோலூர்மட்டத்திலிருந்து கோத்தகிரிக்கு
காலை ஏழு இருபது வண்டி.
நான் கண்டக்டர்.
லைன் வீடுகளுக்குக் கீழே, இரண்டாவது வளைவில்
ஒருநாள் ஒரு பெண் நின்றாள், கையில் கோல்.
வெள்ளைக் கோல் என்றால் தெரியும் எங்களுக்கு.
இதில் இடையிடையே சிவப்புப் பட்டை.
"ரோடு போடறவங்க கம்பு மாதிரி இருக்கே" என்று
டிரைவர் போஜண்ணன் ஹாரன் அடித்தார்.
மறுபடியும் அடித்தார்.
தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று தலை தூக்கியது.
அவள் தூக்கவில்லை.

நான் இறங்கிப்போய் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.
உதவி என்றுதான் நினைத்தேன்.
கோல் என் முட்டியில் இறங்கியது.
நியாயமான அடி. இப்போது சொல்கிறேன்,
அன்று வேறு ஏதோ சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள்:
குரல் இல்லை, முகம் இல்லை,
காலடிச் சத்தம்கூட இல்லை,
ஒரு கை மட்டும் எங்கிருந்தோ வந்து
உங்களைப் பிடித்து இழுத்தால்?

பின்னாலேயே ஓடிவந்த தங்கை மூச்சிரைக்கச் சொன்னாள்:
"வெள்ளை கண்ணுக்கு, சிவப்பு காதுக்கு.
ரெண்டும் இல்லைன்னு அர்த்தம் அண்ணா.
பேரு யோகராணி. பேக்கரியில வர்க்கி அடுக்கற வேலை.
ஏதாவது சொல்லணும்னா
தோள்ல கை வெச்சுட்டு, உள்ளங்கையில எழுதுங்க."

காது ஐந்தாம் வகுப்புக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போனதாம்.
கண் அப்படிப் போகவில்லை.
ஓரத்திலிருந்து கரைந்து கரைந்து
பத்தொன்பது வயதில் ஒரு வளையல் அளவு,
பிறகு மிளகளவு,
பிறகு தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின மாதம்
அதுவும்.

"விடிஞ்சது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்
இலை ஏஜென்ட், முன் சீட்டிலிருந்து.
அவளிடமே கேட்கலாம் என்று எனக்கும் அன்றுதான் தோன்றியது.
எழுதி முடிக்க மூன்று கொண்டை ஊசி ஆனது.
அவள் என் கையைப் புரட்டிப் பதில் எழுதினாள்:
'நேரமாச்சுனு தங்கச்சி கத்தும்போது
காத்து மூஞ்சில அடிக்கும்.'

சீசனில் ஒருவர், நல்ல மனிதர்தான்,
அவள் மடியில் பத்து ரூபாய் நாணயம் வைத்தார்.
விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.
யாருடையது என்று என்னிடம் கேட்டாள். எழுதினேன்.
நாணயத்தை என் பைக்குள் போட்டு
அவருக்கே ஒரு டிக்கெட் கிழிக்கச் சொன்னாள்.

ஆடி மாதம். மரம் விழுந்து,
முன் சக்கரம்கூடத் தெரியாத மூட்டத்தில் வண்டி நின்றது.
"இன்னைக்கு நாமளும் அந்தப் பொண்ணு மாதிரிதான்"
என்றார் ஒரு வாத்தியார்.
ஒன்பதரைக்குக் கலைந்தது.
அவர் கீழ்கோத்தகிரியில் இறங்கி
பெயர்ப்பலகை பார்த்து, பேரம் பேசி,
கேரட் வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் நின்ற அந்த நேரத்தில்தான்
அவள் என்னவென்று கேட்க,
நான் அவள் கையில் எழுதினேன்: 'பணி. வண்டி போகாது.'
அவள் என் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.
இதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத குரலில்,
தன் உயரம் தனக்கே தெரியாத குரலில்,
வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சொன்னாள்:
"ஒரு சுழி அதிகம்!
பணின்னா வேலை.
எனக்கு இன்னைக்கு அது கிடையாது போல!"
சிரித்தாள். போஜண்ணன் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார்.
எட்டாவது ஃபெயில் நான்.
காதுவரை சூடேறியது.

புது டிரைவர் வந்திருக்கிறான். அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்:
இரண்டாவது வளைவில் ஹாரனைத் தொடாதே.
இறங்கிப் போ. தோளில் கை வை,
அவள் திரும்பும்வரை எடுக்காதே.
நீ யார் என்று முதலில் எழுது.
பிடிக்க வேண்டியது அவள், உன் முழங்கையை.

இவ்வளவு தெரிந்தும்
நேற்று, நேரமாகிவிட்டதென்று,
அவள் இறங்கும்போது என் கையில் எழுதிக்கொண்டிருக்க,
பாதியிலேயே விசில் கொடுத்துவிட்டேன்.
ஐந்து எழுத்து வந்தது. கடைசி வரவில்லை.
ராத்திரி சாப்பிடும்போது
எச்சில் கையில் அதையே எழுதிப் பார்க்கிறேன்.

நாளை ஞாயிறு.
திங்கள் ஏழு இருபதுக்குத்தான் கேட்க வேண்டும்.