ஐந்நூறு மணி நேரம்

கிளக்ஸ்விக் துறைமுகத்திலிருந்து இரண்டு புட்டிகள் வந்தன.
ஒன்றில் "புதுசு", மற்றதில் "ஐந்நூறு மணி நேரம் ஓடியது"
என்று ஈரக் கையெழுத்து.
படகு தியால்டுர். அனுப்பியவர் ஹோக்னி, எஞ்சின்காரர்.

வடிதாளில் ஒரு சொட்டு விட்டேன்.
புது எண்ணெய் தேன் நிறத்தில் பரவியது,
சொல்ல ஒன்றுமில்லாத வட்டம்.
ஓடிய எண்ணெயும் அப்படியே.

நூறு டிகிரியில் பாகுநிலை பார்த்தேன்:
இரண்டுக்கும் ஒரே எண், புள்ளிக்குப் பிறகும்.
இரும்பு இல்லை, ஈயம் இல்லை, கரி இல்லை.
ஐந்நூறு மணி நேரம் மீன் துரத்திய எஞ்சின்
ஒருமுறைகூட எச்சில் விழுங்கவில்லையாம்.

"குறையில்லை" என்றெழுதிக் கையெழுத்துப் போட
அரை நிமிஷம் போதும்.
தொலைபேசியை எடுத்தேன்.
"ஹோக்னி, இது பீப்பாயிலிருந்து பிடித்ததா?"

கடற்பறவைகள் கத்துவது கேட்டது.
யாரோ சங்கிலி இழுத்தார்கள்.
"காட் மீன் இன்னும் மூன்று வாரம்தான்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாவது புட்டி.
எழுத்து எதுவுமில்லை; மூடியில் கட்டைவிரல் கறுப்பு.
தாளில் விழுந்த சொட்டு நடுவில் தார்போல் நின்றது,
ஓரம் மட்டும் பழுப்பாய்க் கசிந்தது.
சூட்டுத் தகட்டில் விட்டதும் சடசடத்தது.
சோடியம் ஏறியிருந்தது,
கூடவே புது எண்ணெயில் இல்லாத மக்னீசியம்.
கடல் உள்ளே வந்துவிட்டது.
ஈயம் எண்பத்தொன்று.

"இயக்க வேண்டாம்" என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பொய் சொன்ன புட்டியைப் பற்றி
அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.
கழுவ மனமில்லாமல் அதை
புதுசின் பக்கத்தில், சன்னல் விளிம்பில் வைத்தேன்.
வெயில் இரண்டிலும் ஒரே மாதிரி நுழைந்தது.