மணல் ஏற்றும் இரவுக்கு

கொழும்பு பஸ்ஸில் வந்த பொதியில் இரண்டு சுருள்.
டெல்டா நூறு.
எச்பி ஃபைவ் நானூறு.

நூறு நல்ல பிள்ளை.
வேப்பிலையின் நரம்பையும் எண்ணித் தரும்.
பகலில் வேலையுள்ளவர்கள் வைத்திருக்கட்டும்.

எனக்கு வேண்டியது
கனகராயன் ஆற்றுக்குள் இரவு ஒன்றரைக்கு
லைட் அணைத்து நிற்கும் டிராக்டர்.

நானூறை ஆயிரத்து அறுநூறு என்று
கமெராவிடம் பொய் சொல்ல வேண்டும்.
சொன்ன பொய்க்கு
டெவலப்பரில் கூடுதல் நிமிடங்கள்,
வட்டி மாதிரி.
முதலில் அறவிடப்படுவது நிழல்:
மருதமரத்தடி முழுவதும் போய்விடும்,
கரையில் சாய்த்த சைக்கிள் போய்விடும்.
அந்த டிராக்டரும் லீசிங்கில்தான் நிற்கிறது.

டெவலப்பர் இரண்டு வைத்திருக்கிறேன்.
டி-76 தூள்.
கரைத்து, ஆறவைத்து, ஒரு நாள் பொறுத்தால்
மணியையெல்லாம் அரித்து மாவாக்கும்.
கன்னம் வழுவழுப்பாய் வரும்,
மூக்கு மூக்காக, ஆள் ஆளாக.

ரோடினல் அப்படி இல்லை.
சின்னப் போத்தல், தேத்தண்ணி நிறம்,
ஊசியில் இழுத்து ஐம்பது பங்கு தண்ணீரில் விட்டால்
புடைக்காத குறுணலை
அள்ளி எறிந்தது போல ஒரு படம்.

தள்ளிய பிலிமுக்கு ரோடினல் கூடாது என்கிறது புத்தகம்.
புத்தகம் எழுதியவர் வீட்டுக் குழாயில் இருபது பாகை.
வட்டக்கச்சியில் என் கிணற்றில் முப்பது.
சுண்ணாம்பு வேறு,
கேத்திலின் அடியில் வெள்ளைப் பாறை.
சந்திக் கடையில் ஐஸ் பைக்கற் வாங்கி
வாளியில் போட்டு
தெர்மோமீற்றரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்க
ஒவ்வொரு கோடாக இறங்கும்.
கடைக்காரர் கேட்டார்,
"ஆருக்குக் காய்ச்சல்?"

எதை எடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன்.
டிலக்சன் சவளைக் குத்திவிட்டுச் சொன்னான்:
"மணல் விழட்டும் அக்கா. முகம் விழாமப் பாருங்கோ.
பிடிபடுறது நாங்கள்.
பெமிட்காரன் வீட்டில படுத்திருப்பான்."

அதன் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

பதினைந்தில் ஒரு செக்கன்.
டயரில் முதுகை முட்டுக்கொடுத்து
மூச்சைப் பிடித்தேன்.
சவள், சவள், சவள்.
தூரத்தில் ஒரு நாய் குரைத்ததும்
ஐந்து பேரும் நின்றார்கள்.
அதையும் எடுத்தேன்.

குளியலறை யன்னலை உரப்பையால் அடைத்து
நிமிடத்துக்கு ஒருதரம் டாங்கைக் கவிழ்த்தேன்.
ஐஸ் கரையக் கரைய
கணக்கைக் கொஞ்சம் குறைத்தேன்.
உடுப்புக் கொடியில் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டு
விடிய எழும்பிப் பார்த்தால்,
நினைத்தபடியே.
ஆள் எது, ஆற்றங்கரை எது, பிரிக்க ஏலாது.
முகமெல்லாம் மணல்.
பொலிஸ் அல்ல,
பெற்றவளே பார்த்தாலும் தெரியாது.

இருபத்திரண்டாவது மட்டும்
யாரோ நெருப்புக்குச்சி தட்டிய நேரம்.
நான் காணவில்லை. பிலிம் கண்டிருக்கிறது.
நெகற்றிவில் வெளிச்சம் கறுப்பாய்த்தான் வரும்:
கறுத்த சுவாலை,
அதை மூடிப் பிடித்த ஒரு கை,
பெருவிரல், சுட்டுவிரல்,
மற்ற மூன்றும் இல்லை.

காலை ஏழு இருபதுக்கு
என் மகளின் பள்ளிக்கூடத்துக் கேற்றைத் திறக்கும் கை.
"கெதியா நட பிள்ளை, மணி அடிக்கப்போகுது"
என்று அன்றைக்கும் கேற்றடியில் நின்றது.
நகக்கண்ணில் ஆற்று மணல்.
கடாட்சம் அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.
நானும் ஆட்டினேன்.

நல்ல படம் அது.
உண்மையில், சுருளில் நல்ல படம் அது ஒன்றுதான்.

முப்பத்தைந்தை அனுப்பினேன்.
பத்திரிகையிலிருந்து எடுத்துக் கேட்டார்கள்:
இருபத்தொன்று இருக்கு, இருபத்திமூன்று இருக்கு,
நடுவில் ஒன்றைக் காணவில்லையே?

ஐஸ் காணாமல் போச்சு என்றேன்.