வாசல் மேசை

ஏழு மணிச் சிங்கள ஆராதனைக்கு நின்ற சுனேத்ரா
டோர்ச்சை என் கையில் தந்துவிட்டுப் போவாள்.
பிடி இன்னும் சூடாயிருக்கும்.
ஒன்பது மணித் தமிழ் ஆராதனைக்கு
ஆண்களின் பை டெரன்சுக்கு,
பெண்களின் பை எனக்கு.
மேசையின் ஒரு கால் ஆடும். பழைய ஆராதனைத் தாளொன்றை
நாலாய் மடித்து அடியில் செருகியிருக்கிறோம்.

அந்த ஈஸ்டருக்குப் பிறகு
இரண்டு மாதம் மட்டும் என்றார்கள்.
வருஷங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் வெட்கம்,
அயல்வீட்டுக் குசினியில் புகுந்து
சட்டியைத் திறந்து பார்ப்பது போல.
இப்போது அவர்களே சிப்பை இழுத்துப் பிடிக்கிறார்கள்,
பல் வைத்தியரிடம் வாய் காட்டுவது போல.

கிளாடிஸ் அன்ரி பேரனுக்குச் சுற்றி வைத்த மீன் பணிஸ்
வேதாகமத்தில் எண்ணெய் ஏற்றி
சங்கீதம் நூற்றைம்பதும் மீன் மணக்கும்.
ஷாமினியின் பையில் இரண்டு போன்.
ஒன்றைப் பற்றிக் கேட்கக் கூடாது.
கட்டுநாயக்காவில் இரவு வேலை முடித்து
நேரே பஸ் ஏறி வரும் ஹட்டன் பிள்ளை புனிதமலர்
தொழிற்சாலை அட்டையும் சீப்பும் மட்டும் காட்டுவாள்.
இரண்டாம் பாட்டுக்குள் கடைசி வாங்கில் தூங்கிவிடுவாள்.
யாரும் எழுப்புவதில்லை.
மூப்பர் எழும்பிப்போய்
மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு வருவார்.

வாரநாளில் நான் மருந்துக்கடையில் நிற்பவள்.
பெட்டியின் நிறத்திலேயே வருத்தம் தெரிந்துவிடும்.
"யாருக்காக ஜெபிக்கவேண்டும், சொல்லுங்கள்" என்று
உள்ளே போதகர் கேட்பார்.
ஒலிபெருக்கி வழியாக வாசல்வரை வரும்
ஒருவரும் பேசாத அந்த நேரம்.
சொல்லாத எல்லாம்
என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன.
சொல்ல எனக்கு உரிமையில்லை.
அதனால் பெயரை விட்டு, பைகளை நினைப்பேன்:
கைப்பிடி தைத்த பை. கறுப்புத் தோல் பை.
நகைக்கடைப் பெயர் அழிந்த துணிப் பை.
ஆண்டவருக்கு அடையாளம் போதும்.

துணிப் பை ரூபவதி அக்காவுடையது.
அறுவடைத் திருநாள் ஏலத்தில்
அவ கொண்டுவந்த பலாப்பழத்தை
ஏற்றி ஏற்றி, விளையாட்டாய்,
நாலாயிரத்துக்கு நான் எடுத்தேன்.
கைதட்டினார்கள்.
புருஷன் நட்டுவிட்டுப்போன மரத்தின் முதற் பழம்,
காணிக்கையாய்க் கொடுத்து
காசு கட்டித் திருப்பி எடுக்க வந்திருந்தா என்று
பிறகுதான் தெரியும்.
அதற்குள் நாங்கள் சுளை தின்று
கொட்டையையும் அவித்திருந்தோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும்
பையை எனக்குத் திறந்துகொண்டு
மணிக்கூண்டைப் பார்ப்பா.
ஒருநாள் உள்ளே மண்ணிற உறை,
மூலையில் மகரகம ஆஸ்பத்திரி முத்திரை.
நான் கண்டதை அவ கண்டா.
நானே சிப்பை மூடினேன்.
பிறகு வந்த ஞாயிறுகளில் உறை தடித்தது.
சேலைத் தலைப்பு தலைக்கு ஏறியது.

போன ஞாயிறு திறக்கவில்லை.
மேசையில் வைத்து
"இது இஞ்ச இருக்கட்டும்" என்றா.
பதினாலு மாதத்தில் முதற் பேச்சு.
வெறுங்கையை வீசிக்கொண்டு
படியேறி உள்ளே போனா.

மழை துறைமுகப் பக்கமிருந்து வந்தது.
பையை மடியில் எடுத்து வைத்தேன்.
திறக்க நினைக்கவில்லை என்றால் பொய்.
தடவிப் பார்த்தேன்: குடை, வேதாகமம்,
உறையின் கூர்மூலை.

எல்லோரும் திருவிருந்து எடுத்து முடிந்தபின்
வாசலுக்கு வரும் எங்கள் பங்கு.
துவாயால் மூடி, குடை பிடித்து,
ஓரம் நனைந்த அப்பம்.
எழும்பப் பார்த்தேன். மடியில் பாரம்.
"இருந்தே வாங்கும்" என்றார் மூப்பர்.
ஒரு கை நீட்டினேன்.
மற்றக் கை கைப்பிடியை விடவில்லை.

முடிந்து வந்து பையை எடுத்தா.
உள்ளே சரிபார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
மழைக்குள் பஸ்ஸுக்கு நடந்தா.

அடுத்த மாதம் அறுவடைத் திருநாள்.
ஏலத்துக்கு நிற்பீங்களோ என்று டெரன்ஸ் கேட்கிறான்.
மேசையின் அந்தப் பக்கத்தைத் தூக்கச் சொல்கிறேன்.