ஆறு

படிவத்தின் ஒன்பதாம் பத்தி கேட்கிறது:
தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை, ஒன்று முதல் ஒன்பது வரை.
எண்ணை மட்டும் இடவும்.
சொற்கள் கூடாது.

மஞ்சள் கருவி. ஒரு சோற்றுப் பொதி அளவு.
கடலில் யாரேனும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
வானத்தில் ஒன்று அதைக் கேட்டு
கரையில் ஒருவரை எழுப்ப வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
நாலாயிரம் வாங்கக் கோப்பு தயார்.

ஒன்று என்றால் தாளில் உள்ள யோசனை.
நான்கு, மேசைமேல் மினுங்கும் பலகை.
ஆறு, ஏறக்குறைய உண்மையான இடத்தில் ஓடிக்காட்டிய மாதிரி.
ஏழு, உண்மையான இடத்திலேயே.
ஏழுக்குக் குறைந்தால் வாங்கக் கூடாது.
அந்த ‘ஏறக்குறைய’வைக் காவல் காக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வைத்து
அழுத்திக் காட்டினார்கள்.
அலைத்தடுப்புக்கு உள்ளே தண்ணீர்
தட்டில் ஊற்றிய கஞ்சிபோல் கிடந்தது.
பதினோராவது நொடியில் சென்னையில் மணி அடித்தது.
கைதட்டல். பழரசம்.
“ஏழு போட்டுரலாமே மேடம்,” என்றார் இணை இயக்குநர்,
சக்கையைத் தட்டிப் பார்த்து
வருக்கைதான் என்று விலை சொல்கிறவர் குரலில்.

வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.
கடலுக்குப் பயணப்படி விதி இல்லை என்றார்கள்.

சின்னத்துறை ஆன்றோசின் விசைப்படகு.
பொழிமுகத்தில் மணல்திட்டு
அடிப்பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டது.
ஆறு எந்த இடத்தில் முடிந்து கடல் ஆகிறதென்று
அங்கே யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை.
நாற்பது கடல்மைல். இரவு முழுக்க வாந்தி எடுத்தேன்.
குறிப்பேட்டில் அதையும் எழுதினேன், நேரத்தோடு.

மறுநாள் உச்சிநேரம். கச்சான் காற்று.
ஐஸ் வாரிய கையோடு வந்து ஜெறோன் கருவியை வாங்கினான்.
பொத்தானுக்கு மேலே ஒரு மூடி. நகத்தால் நெம்ப வேண்டும்.
அவன் நகங்களைத் தூண்டில் கயிறு எப்போதோ தின்றுவிட்டது.
பல்லால் கடித்துத் திறந்தான். அழுத்தினான்.
செய்தி சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும்.
எரிந்ததா, இல்லையா,
அந்த வெயிலில் தெரியவில்லை.
இரண்டு கையையும் குவித்து நிழல் செய்து
உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தோம்,
ஆளுக்கொரு தரம்.
எரிந்துகொண்டுதான் இருந்தது.
“முங்குதவனுக்கு ரெண்டு கையும் சும்மயா இருக்கும்?” என்றான் ஜெறோன்.

கரைக்கு வந்தேன். தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
ஆறு என்று எழுதினேன்.

மார்ச் இருபத்தொன்பது அன்று.
இரண்டு நாளில் நிதி திரும்பிப் போகும்.
தொலைபேசி ஏழு ஏழு என்று அடித்தது.

ஆன்றோசின் மனைவி பெனடிக்டா
அலுவலகத்துக்கே வந்து கேட்டாள்:
“ஆறுன்னா கெட்டதா?”
கெட்டதில்லை, பழுக்கவில்லை.
“அப்போ இப்போ படகில இருக்கியதுக்கு என்ன நம்பர்?”
படகில்தான் எதுவும் இல்லையே.
“அதுக்குத்தான் கேக்கேன்.”

அளவுகோல் ஒன்றில் தொடங்குகிறது.
சுழியத்துக்குக் கட்டம் இல்லை.
அன்றிரவு சுழியத்தோடு வெளியே கிடந்த படகுகளை
எண்ணிப் பார்க்கத் தொடங்கி
பாதியில் எழுந்து விளக்கைப் போட்டேன்.
ஆறு தவறென்று தோன்றவில்லை.
சரியென்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சொற்கள் கூடாத பத்தியில் சொற்கள் எழுதினேன்:
மூடியை எடுக்கவும். விளக்கை மாற்றவும்.
ஈரக் கையோடு, பகலில், பொழிமுகத்துக்கு வெளியே
மறுபடி சோதிக்கவும்.
அதுவரை நூறு கருவிகள், இரவலாக, படகுகளுக்கு.
இரவலுக்கு விதி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

கோப்பு திரும்பி வந்திருக்கிறது.
இரவல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஓரத்தில் பச்சை மையில் ஒரு வினா:
‘ஈரக் கை’ என்பதன் அவசியம் யாது? விளக்கவும்.

நாகர்கோவிலில் மின்விசிறிக்குக் கீழே
குவளைத் தண்ணீரில் கையை முக்கி
பேனாவை எடுத்தேன்.
முதல் எழுத்திலேயே மை ஊறிப் பரவியது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.